ஒரு மூலை ஓதமும் ஆறு தாள்களும்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளம் 1998-இல் கட்டியது. வாடகைக்கு விடலாம் என்று 2011-இல் மேலே ஒரு தளம் எழுப்பினோம். 2015 நவம்பர் மழையில் இரண்டு இடங்களில் ஓதம் தெரிந்தது: மேல்வீட்டுப் படுக்கையறையில் கூரையும் சுவரும் சேரும் ஓரம் ஒன்று, கீழ்வீட்டுக் கூடத்தின் வடகிழக்கு மூலை இன்னொன்று. இரண்டும் ஒரே மழையில் கண்ணில் பட்டதால், இரண்டுக்கும் மொட்டைமாடிதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையின் விலை ஆறு ஆண்டுகளும், பலன் தராத இரண்டு பழுதுபார்ப்புகளும்.

முதலாவது 2016-இல் மாடி முழுவதும் அடித்த வெள்ளைப் பூச்சு. வெயிலின் சூடு சற்றுக் குறைந்தது, கசிவு குறையவில்லை. இரண்டாவது 2019-இல் ஒரு ஒப்பந்தக்காரர் செய்தது. தட்டோட்டின் மேலேயே, ஏதோ மருந்து கலந்த சிமென்ட் கலவையைச் சராசரியாக 40 மி.மீ. கனத்தில் போட்டு, பத்தாண்டு உத்தரவாதம் என்று ஒரு தாளும் கொடுத்தார். எந்த மருந்து, எத்தனை கிலோ, கைப்பிடிச்சுவரில் எவ்வளவு உயரம் வரை ஏற்றினார் என்ற எதுவும் அந்தத் தாளில் இல்லை. 63 சதுர மீட்டர் மாடியில் 40 மி.மீ. கலவை என்றால் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட புதிய பாரம் என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது பின்னால்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்ட அதே மழையில் இரண்டு ஓதங்களும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தன.

இதில் எனக்குத் தனியாக ஒரு வெட்கமும் உண்டு. முப்பது ஆண்டுகள் கட்டட வரைவாளராக வேலை பார்த்து, ஊரார் வீட்டுக்கெல்லாம் கம்பி அட்டவணை வரை வரைந்து கொடுத்த எனக்கு, என் சொந்த வீட்டு மாடிக் குளியலறையின் தளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நகராட்சி ஒப்புதலுக்குப் போன வரைபடத்தில் அது ஒரு சதுரம். உள்ளே கழிவறைக் கோப்பையின் படம். அவ்வளவுதான்.

இந்த முறை எதையும் பூசுவதற்கு முன்னால் குறிப்பெடுப்பது என்று முடிவு செய்தேன். 2021 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதியிட்டேன். மேல்வீட்டு ஓதம் பொங்கலுக்குள் காய்ந்து, வெள்ளை உப்பு பூத்து நின்றுவிட்டது. கீழ்க்கூடத்து ஓதம் பிப்ரவரியில், ஒரு சொட்டு மழையும் இல்லாதபோது, ஒரு விரற்கடை வளர்ந்தது. இரண்டும் இரண்டு வேறு நோய்கள் என்று அந்தப் பென்சில் கோடுகள் சொல்லிவிட்டன. பிப்ரவரிக் கடைசியில் குடியிருப்பவர்கள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போனார்கள். கீழ்க்கூடத்து ஓதம் சுருங்கத் தொடங்கியது. அந்த மூலைக்கு நேர் மேலே இருப்பது அவர்களுடைய குளியலறை.

நல்லதண்ணீர்க் குழாயா, கழிவுநீர்ப் பக்கமா என்று பிரிக்க, ஆளில்லாத அந்த நாட்களிலேயே குளியலறைக்குப் போகும் வால்வைத் திறந்து, குழாய் முனைகளை எல்லாம் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தை இரவில் குறித்து வைத்தேன். காலையில் மட்டம் இறங்கவில்லை. பிறகு தரைத் தண்ணீர் வெளியேறும் வாயான நானி டிராப்பைத் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்து, தரையில் 25 மி.மீ. தண்ணீர் நிறுத்தி, அதில் சொட்டு நீலத்தைக் கரைத்து விட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கீழே ஓதம் மீண்டும் கறுத்தது. ஆனால் நீலம் வரவே இல்லை. இதைப் பார்த்து, குளியலறை குற்றமற்றது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. தரைக்கு அடியில் இருக்கும் செங்கல் தூளும் மணலும் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரை மட்டும் கீழே விடக்கூடும். ஆகவே நிறம் வந்தால் அது சாட்சி. வராவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

மார்ச்சில் தரையை உடைத்தோம். காட்பாடியிலிருந்து வந்த மேஸ்திரி என்னைவிட மூத்தவர். முதல் நான்கு ஓடுகளைப் பெயர்த்ததும் கையை உள்ளே விட்டு, "சார், இது குளியலறை இல்ல, கெணறு" என்றார். தளம் 300 மி.மீ. தாழ்த்திப் போடப்பட்டிருந்தது, கொத்தனார்கள் சங்கன் என்பார்களே, அந்த அமைப்பு. அதில் உடைந்த செங்கல்லை நிரப்பி மேலே ஓடு பதித்திருந்தார்கள். அடியில் 70 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஓட்டின் இடுக்கு வழியாக வருடக்கணக்கில் இறங்கிய தண்ணீருக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. 110 மி.மீ. பிவிசி குழாய் பக்கச் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில், குழாயைச் சுற்றிப் பூசிய சிமென்ட் கலவை ஒரு தாள் கனத்துக்கு விலகி நின்றது. வெப்பத்தில் பிவிசி, கான்கிரீட்டைவிட ஐந்து மடங்குக்குக் குறையாமல் நீளும். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டி, மார்கழியில் இருபதுக்குக் கீழே இறங்கும் ஊரில், வழவழப்பான குழாயைச் சாதாரணக் கலவை ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கீழ்க்கூடத்திலிருந்து பார்த்தபோது தளத்தின் அடிக்கம்பி இரண்டு துரு பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளியிருந்தது. தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிப் பின்பக்கமும் விரல் நுழையும்படி இடைவெளி விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம். கம்பியின் விட்டம் குறைந்திருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் மூட வேண்டும். நன்றாகத் தேய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய வேலை அது. எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

குளியலறைக்குள் செய்த வேலையை வரிசையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் வரிசைதான் வேலை. முதலில் செங்கல் முழுவதையும் வாரி வெளியேற்றி, தளத்தைக் கழுவி, மின்விசிறி வைத்துக் காயவிட்டோம். ஒரு முழம் பாலித்தீன் தாளைத் தளத்தில் நான்கு பக்கமும் ஒட்டி, மறுநாள் காலை அதன் அடியில் வியர்வை பூத்திருக்கிறதா என்று பார்த்தோம். இருமுறை பூத்திருந்தது, மூன்றாவது முறைதான் தாள் உலர்ந்து வந்தது. அடுத்து குழாய். வெளியேறும் இடத்தில் பிவிசியை உப்புத்தாளால் தேய்த்து, குழாய் ஒட்டும் பசை தடவி, அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவினோம்; சொரசொரப்பான அந்தத் தோலில்தான் கலவை பிடிக்கும். சுற்றியிருந்த ஓட்டையைச் சுருங்காத கிரவுட், அதாவது ஊற்றக்கூடிய சிமென்ட் கலவை, ஊற்றி நிரப்பினோம். சுவரும் தளமும் சேரும் மூலை முழுவதிலும் 50 மி.மீ.க்கு 50 மி.மீ. அளவில் கலவையை வளைவாக இழைத்தோம். செங்கோணமாக விட்டால் பூச்சு அந்த மூலையில் மெலிந்து விரிசல் விடும்.

பிறகு பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கைகள், அதாவது இரண்டு தடவை; மூலைகளில் இடையே கண்ணாடியிழை வலை. சுவரில், ஓடு பதித்து முடித்தபின் வரும் தரைமட்டத்துக்கு மேல் 300 மி.மீ. வரையும், ஷவர் படும் இரண்டு சுவர்களில் 1.8 மீட்டர் வரையும் ஏற்றச் சொல்லியிருந்தேன். பூச வந்தவர் 15 கிலோ கொண்ட ஒரு பொதியோடு வந்தார். "இது போதும் சார், மிச்சமே ஆகும்" என்றார். அவர் முன்னாலேயே கணக்கைப் போட்டுக் காட்டினேன். தரை 2.1-க்கு 1.5 மீட்டர், ஆக 3.15 சதுர மீட்டர். சுற்றளவு 7.2 மீட்டர், தாழ்வு 300, அதற்கு மேல் 300, ஆக 0.6 மீட்டர் உயரத்துக்கு 4.32. ஷவர் சுவர்களில் தண்ணீர் படும் பகுதிக்கு மட்டும் கூடுதலாக 3.75. மொத்தம் 11.22 சதுர மீட்டர். இரண்டு கைக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 2 கிலோ என்று பொதியிலேயே அச்சடித்திருந்தது. ஏறக்குறைய 22.5 கிலோ வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே போய் இன்னொரு பொதி வாங்கி வந்தார். 24 கிலோ ஆயிற்று. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. இத்தனை வீடுகளில் யாரும் அவரிடம் கணக்குக் கேட்டதில்லை. காய்ந்த பிறகு பூச்சின் கனத்தைக் கண்ணால் அளக்க முடியாது. காலிப் பொதியை எண்ணத்தான் முடியும்.

பூச்சு காய்ந்ததும் 50 மி.மீ. தண்ணீர் கட்டி எழுபத்திரண்டு மணி நேரம் விட்டோம். மார்ச் வெயிலில் தண்ணீர் தானாகவே வற்றும் என்பதால், பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டேன். மூன்று நாளில் வாளியில் 9 மி.மீ., தளத்தில் 9 மி.மீ. குறைந்திருந்தன. ஒப்பிட அந்த வாளி இல்லாவிட்டால் நான் பயந்து இன்னொரு முறை உடைத்திருப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வந்தது. தாழ்தளத்தின் ஆகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து 25 மி.மீ. குழாய் ஒன்றை வெளிச்சுவர் வழியாக, கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் நீட்டி விட்டோம். உள்ளே அதன் வாயில் வலை கட்டிக் கூழாங்கல் போட்டோம். தரை ஓடுகளைத் தாண்டி இறங்கும் தண்ணீர் இனிக் கிணறாகத் தேங்காது. வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். கட்டும்போதே செய்திருந்தால் ஓர் அடிக் குழாயின் செலவுதான் இது. பழைய செங்கல்லுக்குப் பதிலாக எடை குறைந்த ஏஏசி கல்லை (காற்றுத்துளைகள் நிறைந்த கான்கிரீட் கல்) அடுக்கி, மேலே கான்கிரீட் போட்டு, ஓடு பதித்தோம்.

மொட்டைமாடியின் கதை வேறு. மார்ச் கடைசியில் ஹோஸால் தண்ணீர் விட்டு, தேங்கிய இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் சுற்றி வரைந்து, தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்து ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளியாக மட்டங்களைக் குறித்தேன். மாடி 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். மழைநீர் இறங்கத் தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு குழாய்வாய். எதிர் மூலையிலிருந்து அதற்கு 11.4 மீட்டர். நூற்றுக்கு ஒன்று வாட்டம், அதாவது சரிவு, என்றால் 114 மி.மீ. இறக்கம் வேண்டும். இருந்தது 45. வாட்டத்தைத் திருடியது யார் என்று தேடினால் அது மேஸ்திரி இல்லை. மாடிப்படி அறையின் கதவு. அந்தக் கதவு ஆகத் தொலைவான வடகிழக்கு மூலையில் இருக்கிறது, அதன் படி தளத்திலிருந்து 150 மி.மீ. உயரம். குழாய்வாய் அருகே செங்கல் ஜல்லிக் கலவை 50 மி.மீ., அதோடு 114 மி.மீ. வாட்டம், தட்டோடும் கலவையுமாக 32 மி.மீ.; கூட்டினால் 196. படிக்கு மேலே தளம் போய்விடும். நிலை வைத்த நாளிலேயே வாட்டத்தின் கதை முடிந்துவிட்டது. மேஸ்திரி இருந்த உயரத்துக்குள் ஏதோ சமாளித்திருக்கிறார். 2019-இல் போட்ட கலவைக்குப் பிறகு படிக்கும் தளத்துக்கும் இடையே விரல் கனம்கூட மிஞ்சவில்லை; சாரல் நேரே உள்ளே வந்தது. இந்தக் கூட்டல் கணக்கை 2011-இல் ஒரு துண்டுத் தாளில் யாராவது போட்டிருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

கைப்பிடிச்சுவரில் பழைய நீர்த்தடுப்பு 75 மி.மீ. மட்டுமே ஏறியிருந்தது, பின்னால் வந்த கலவை அதையும் விழுங்கியிருந்தது. சுவர் உச்சி வாட்டமின்றிக் கீறி இருந்தது. போதாததற்கு, டிஷ் ஆன்டெனா மாட்ட வந்தவர் நான்கு போல்டுகளை நேராகத் தளத்தில் இறக்கியிருந்தார். மேல்வீட்டுப் படுக்கையறை ஓதத்துக்கு மேலே இருந்தவை இந்த மூன்றும்தான்.

ஏப்ரலில் எல்லாவற்றையும் தளம் வரை பெயர்த்தோம். புதிதாக இரண்டு குழாய்வாய்களைத் துளையிட்டோம், ஒன்று தென்கிழக்கு மூலையில், மற்றொன்று வடக்குச் சுவரின் நடுவில். இப்போது மாடியின் எந்தப் புள்ளியிலிருந்தும் தண்ணீர் 5 மீட்டருக்குள் ஒரு வாயை அடைந்துவிடும், 50 மி.மீ. இறக்கம் போதும். புதிய குழாய்களையும் 2003-இல் கட்டாயமாக்கியபோது தோண்டிய மழைநீர்த் தொட்டியிலேயே சேர்த்தோம். கதவின் அடியை நூறு மி.மீ. அறுத்து, படியை அந்த அளவு உயர்த்தினோம். வடகம் காயவைக்கத் தட்டை ஏந்திப் போகும்போது காலைத் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கிறது என்று என் மனைவிக்கு இன்றும் வருத்தம்தான்.

தளத்தின் மேல் பூச்சு, கைப்பிடிச்சுவரில் 300 மி.மீ. ஏற்றம், அதன் மேல்விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகல், அதற்கு மேல் காப்புக் கலவை. வெயிலில் பூச்சு தூரிகையிலேயே இறுகிவிடுவதால் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டுமே வேலை நடந்தது. பிறகு பொதுப்பணித் துறையின் பழைய அளவிலேயே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை: 20 மி.மீ. ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. அதைக் கட்டையால் அடித்து இறுக்கத் தெரிந்த ஆட்களைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடித்தார்கள். ஜல்லி கட்டையை எதிர்த்துத் துள்ளும் வரை விடவில்லை. மேலே 1:3 கலவையில் தட்டோடு பதித்தோம். வறண்ட வெப்பமான இடத்தில் கான்கிரீட்டைக் குறைந்தது பத்து நாட்கள் ஈரமாக வைக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பு ஐ.எஸ். 456 சொல்கிறது. நாங்கள் சாக்கு விரித்துப் பதினான்கு நாட்கள் வேலை முழுவதையும் நனைத்தோம். ஆன்டெனாவைத் தளத்தைத் தொடாத ஒரு கான்கிரீட் கட்டையில் நிறுத்தி, கைப்பிடிச்சுவரில் "தரையில் துளையிடக் கூடாது" என்று பெயின்டில் எழுதினேன். அழகாக இல்லை, இருக்கட்டும்.

நீர்த்தடுப்புக்கான ஐ.எஸ். 3067 என்ற 1988-ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் தலைப்பிலேயே வடிவமைப்பு விவரங்களும் முன்தயாரிப்பு வேலைகளும்தான் இருக்கின்றன. எந்த மருந்து நல்லது என்ற நம் வழக்கமான கேள்வி அந்தத் தலைப்பில் இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் நுழைந்த இடங்களும் பரந்த தளத்தின் நடுவில் இல்லை. குழாய் சுவரைத் துளைக்கும் இடம், தளம் சுவரைத் தொடும் இடம், கதவின் அடி, போல்டு இறங்கிய இடம். ஒவ்வொன்றும் இரண்டு ஆட்களின் வேலை சந்திக்கும் இடம். இருவருக்கும் பொதுவான வரைபடம் இல்லாத இடம். ஆகவே அந்தச் சந்திப்புகளை மட்டும் ஐந்தில் ஒன்று அளவில் ஐந்து தாள்களில் வரைந்தேன். ஆறாவது தாள் மாடியின் மட்டங்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் அளவுநாடா தெரியும்படி, மேல்வீட்டுக் குழந்தையின் சிலேட்டில் தேதியும் இடமும் எழுதி வைத்துப் படமெடுத்தேன். பொதிகளின் தொகுதி எண் உள்ள பகுதிகளை வெட்டித் தாளின் பின்பக்கம் ஒட்டினேன். இவற்றின் ஒரு நகல் என் அலமாரியில். இன்னொன்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில். குழாய்க்காரர் கையில் சுத்தியலை எடுப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு வரி.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மறுநாள் விடிந்ததும் டார்ச்சோடு வீடு முழுக்கப் பார்த்தேன். பழைய இரண்டு இடங்களும் உலர்ந்திருந்தன. மாடிப்படி அறையின் உட்சுவரில், கதவுநிலையின் இரண்டு கால்களும் படியில் ஊன்றும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தாளை எடுத்துப் பார்த்தால் படியின் வெட்டுத்தோற்றத்தை வரைந்திருக்கிறேன். நிலைக்கால் வரும் பக்கத்தை வரையவே இல்லை. வரையாததை யாரும் பூசவும் இல்லை. ஜனவரியில் அந்த இரு முனைகளையும் திறந்து வலையோடு பூசி, தாளில் பக்கத்தோற்றத்தைச் சேர்த்து, "திருத்தம் 1" என்று எழுதினேன்.

2024 ஜூலையில் ஒரு மாலை மேல்வீட்டுக் குழந்தை வாசலில் நின்று, "தாத்தா, அந்தச் சின்னக் குழாய்ல தண்ணி சொட்டுது" என்றாள். கூடத்து மூலையைப் பார்த்தேன், உலர்ந்தே இருந்தது. நான்காம் தாளின்படி நானி டிராப்பின் இணைப்பு வடக்குச் சுவரிலிருந்து 350 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். குழாய்க்காரர் அந்த இடத்தில் இருந்த ஒரே ஒரு தரையோட்டை மட்டும் பெயர்த்தார். இணைப்பில் ரப்பர் வளையம் விலகியிருந்தது. மாற்றி மூட ஒன்றரை மணி நேரம். மறுநாள் சொட்டு நின்ற பிறகு, திருத்தக் கட்டத்தின் இரண்டாம் வரியில் தேதியைப் போட்டேன்.